எடை முள்ளும் சைக்கிள் மிதியும்

ஸ்வீடனில் 1969-க்கும் 1997-க்கும் இடையில் பதினெட்டு வயதைத் தொட்ட ஆண்பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் கட்டாய ராணுவ சேவைக்கான உடற்தகுதித் தேர்வுக்குப் போயாக வேண்டியிருந்தது. சிறையில் இருந்தவர்கள், கடும் நோயோ உடற்குறையோ உள்ளவர்கள் என்று நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் விலக்கு. உயரம் அளந்தார்கள், எடை போட்டார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். பிறகு நகராத சைக்கிள் ஒன்றில் ஏற்றி உட்கார வைத்து, மிதியின் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். இனி முடியாது என்று கால் நின்ற இடத்தில் எத்தனை வாட் என்று குறித்துக்கொண்டார்கள். கைப்பிடியின் இறுக்கம், முழங்கையை மடக்கும் பலம், முழங்காலை நீட்டும் பலம் ஆகியவையும் பதிவாயின.

ராணுவத்துக்கு ஆள் பொறுக்க எழுதிய அந்தக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் கழித்துக் கேஸி கிரம்ப், யான் சண்ட்க்விஸ்ட், மர்லின் விங்கிள்பி, கிறிஸ்டினா சண்ட்க்விஸ்ட் ஆகிய நால்வர் கையில் எடுத்தார்கள். ஸ்வீடனில் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மருத்துவமனைப் பதிவேடுகளிலும் அதே எண்தான். ஆகவே பதினெட்டில் சைக்கிள் மிதித்தவர்களில் யார் யாருக்கு 2012-க்குள் உயர் இரத்த அழுத்தம் என்று மருத்துவர்கள் எழுதினார்கள் என்பதைத் தேடிப் பிடிக்க முடிந்தது. மொத்தம் 15 லட்சத்து 47 ஆயிரம் பேர். அவர்களில் மூத்தவர்களுக்கு அப்போது வயது 62. நோய் பதிவானவர்கள் சுமார் 93,000.

2016இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் வந்த கணக்கு இது. பதினெட்டு வயதில் எடை மிகுந்திருந்தவர்களுக்குப் பின்னாளில் உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, அளவான எடை உள்ளவர்களைவிட இரண்டரை மடங்கு. சைக்கிளில் சீக்கிரம் சோர்ந்துபோன, அதாவது மூச்சுத்திறன் குறைந்த, கடைசி மூன்றில் ஒரு பங்கினருக்கு, தாக்குப்பிடித்து மிதித்த முதல் பங்கினரைவிட ஒன்றரை மடங்கு. எடையும் கூடி, மூச்சுத்திறனும் குறைந்தவர்களுக்கு மூன்றரை மடங்கு. தசை பலம் கூடினாலும் குறைந்தாலும் இந்த நோயில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எடை அளவாக இருந்தும் மூச்சுத்திறன் குறைந்திருந்தவர்களுக்கும் ஆபத்து கூடியே இருந்தது. என் பார்வையில், இந்தியாவில் இருந்துகொண்டு இந்த ஆய்வைப் படிப்பவர் அடிக்கோடிட வேண்டியது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் வீடுகளில் புழங்கும் இரண்டு ஆறுதல்கள் உண்டு. ‘உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருந்தால் என்ன, ஓடியாடுகிறான் அல்லவா’ என்பது ஒன்று. ‘குச்சி மாதிரி இருக்கிறான், அவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது’ என்பது மற்றொன்று. முதலாவதை ஸ்வீடன் கணக்கு பாதிதான் ஒப்புக்கொள்கிறது. ஓட்டம் எடையின் கேட்டைக் குறைக்கிறது, ஆனால் அழித்துவிடுவதில்லை. அதே ராணுவப் பதிவுகளை வைத்து உமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்ஸ்ட்ரோமும் நோர்ட்ஸ்ட்ரோம்களும் அகால மரணத்தைக் கணக்கிட்டார்கள். நல்ல மூச்சுத்திறன் கொண்ட பருமனானவர்களைவிட, மூச்சுத்திறன் இல்லாத அளவான எடையினருக்கே ஆபத்து குறைவு என்றது அது. குண்டாக இருந்தாலும் ‘ஃபிட்’டாக இருக்கலாம் என்று சொல்லிவரும் உடற்பயிற்சி வட்டாரங்களுக்கு இது உவப்பான முடிவல்ல.

இரண்டாவது ஆறுதலை உடைப்பதற்கு அமெரிக்காவிலிருந்தும் சாட்சி இருக்கிறது. பர்மிங்காம், சிகாகோ, மினியாபொலிஸ், ஓக்லண்ட் ஆகிய நான்கு நகரங்களில் நடந்த கார்டியா ஆய்வில் 18 முதல் 30 வயதுள்ள கறுப்பின, வெள்ளையின ஆண்களையும் பெண்களையும் டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். அந்த ஆய்வை வைத்து மெர்சிடிஸ் கார்னதனும் சகாக்களும் 2003இல் எழுதிய கட்டுரைப்படி, மிகக் குறைந்த திறன் கொண்ட ஐந்தில் ஒரு பங்கினருக்குச் சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம் முதலியவை வரும் வாய்ப்பு மூன்று முதல் ஆறு மடங்கு. எடையைக் கணக்கில் கழித்தபோது அது ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சுருங்கியது. பாதி பழி எடையுடையது, மீதி திறனுடையது என்று வைத்துக்கொள்ளலாம்.

தசை பலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரத்த அழுத்தத்தில் அதற்குப் பங்கில்லை என்பதால் பயனே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஸ்வீடன் பதின்பருவத்தினரை வைத்து ஒர்ட்டேகா குழுவினர் 2012இல் எழுதியபோது, பலசாலிகள் இளவயதில் இறப்பது குறைவு என்று கண்டார்கள். ஆனால் பிரஷரைக் குறைக்க வேண்டும் என்று சொல்லிப் பதினாறு வயதுப் பிள்ளையை ஜிம்மில் சேர்த்துவிடும் பெற்றோர், அவன் டம்பெல்லோடு நின்றுவிடுகிறானா, வியர்த்து மூச்சிரைக்கும் அளவுக்கு எதையாவது செய்கிறானா என்று கேட்பது நல்லது. யாரோ கொடுக்கும் ‘ஊசி’யைப் போட்டுக்கொள்கிறானா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள் இரத்த அழுத்தத்தை ஏற்றும்.

இனி சந்தேகங்கள். பதினைந்து லட்சம் என்ற எண்ணைக் கண்டதும் மயங்கிவிடக் கூடாது. ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் ஏராளமாக உள்ள கூட்டத்தில் நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான் உயர் இரத்த அழுத்தம் என்றால், பதிவேட்டுக்கு வராமல் போனவர்களே மிகுதி என்று பொருள். பதினெட்டுக்குப் பிறகு யார் இளைத்தார்கள், யார் பருத்தார்கள், யார் ஓட்டத்தை விட்டார்கள் என்பதும் பதிவாகவில்லை. மூச்சுத்திறன் என்பது முழுக்க உழைப்பால் வருவதும் அல்ல. கிளாட் புஷார் நடத்திய ஹெரிடேஜ் ஆய்வு, ஒரே பயிற்சியை எல்லோருக்கும் கொடுத்தாலும் கிடைக்கும் பலன் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுவதையும், அதில் பாதியளவு பரம்பரையோடு பிணைந்திருப்பதையும் காட்டியது. ஆக, சைக்கிளை நன்றாக மிதித்த பையனுக்குப் பின்னாளில் பிரஷர் வராததற்குக் காரணம் மிதித்ததா, தாய் தந்தை கொடுத்த உடம்பா?

இந்தக் கேள்வியை மிகச் சாமர்த்தியமாகச் சோதித்தவர் உப்சாலா பல்கலைக்கழகத்தின் மார்சல் பாலின். அதே ராணுவப் பதிவுகளை எடுத்து, பதினெட்டு வயதில் நல்ல மூச்சுத்திறன் கொண்டவர்கள் விபத்தில் சாவதும் குறைவா என்று அவரும் சகாக்களும் பார்த்தார்கள். சாலை விபத்து, நீரில் மூழ்குதல், கொலை போன்றவை. நன்றாக ஓடுகிறவனைப் பார்த்து லாரி ஒதுங்கிப் போகாது. ஆனாலும் அவர்களிடையே விபத்து மரணமும் கணிசமாகக் குறைவாகவே இருந்தது. அப்படியென்றால் நல்ல வீடு, நல்ல பள்ளி, நிதானமான சுபாவம், வசதி என்று அளக்கப்படாத வேறு ஏதேதோ மூச்சுத்திறனின் பெயரில் பெருமை தட்டிக்கொண்டு போயிருக்கின்றன. கிரம்ப் குழுவினர் குடும்ப வரலாற்றையும் பொருளாதார நிலையையும் கணக்கில் கழித்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் பாலினின் சோதனைக்குப் பிறகு அந்த ஒன்றரை மடங்கை முழுசாக நம்ப எனக்குத் தயக்கம். உண்மையான பங்கு அதைவிடக் குறைவாக இருக்கும், சுழியாக இருக்காது. பயிற்சி கொடுத்து அளந்த சோதனைகள் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அவற்றுக்குக் கீழே வருகிறேன்.

எடையின் பங்கு இவ்வளவு தள்ளாடவில்லை. நான்கு நெடுங்கால ஆய்வுகளைச் சேர்த்து மார்க்கஸ் யுவோனலா 2011இல் 6,328 பேரின் கணக்கை வெளியிட்டார். சிறுவயதில் எடை மிகுந்து, பெரியவரானபின் பருமன் இல்லாமல் இருந்தவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு, எப்போதுமே பருமனாக இல்லாதவர்களுக்கு இருந்த அளவுக்குத்தான் இருந்தது. குழந்தையில் ஏறியது வாலிபத்தில் இறங்கினால் கடன் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இந்த இயலில் இதைவிட நல்ல செய்தி எதையும் நான் படித்ததில்லை.

பதின்பருவத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கொரியப் போரில் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இதயங்களை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், நான்கில் மூன்று பங்குக்கு மேல் இதயத் தமனிகளில் நோயின் அறிகுறி இருப்பதைக் கண்டு 1953இல் எழுதினார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. அதன் பிறகு லூசியானா மாநிலத்தில் போகலூசா என்ற சிற்றூரின் பிள்ளைகளை ஜெரால்டு பெரன்சன் 1970களின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து அளந்து வந்தார். அவர்களில் விபத்து முதலிய காரணங்களால் இளம் வயதில் இறந்துபோன 204 பேரின் உடற்கூறு முடிவுகள் 1998இல் வந்தன. உயிரோடு இருந்தபோது எடையும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் எவ்வளவுக்குக் கூடியிருந்தனவோ, அவ்வளவுக்குத் தமனிச் சுவரில் படிவும் கூடியிருந்தது. நாற்பதில் வரும் நோய்க்குப் பதினைந்தில் விதை விழுகிறது என்பது அதன்பின் வெறும் ஊகமாக இல்லை. அதே சமயம், பதின்பருவத்தில் அழுத்தம் கூடியிருந்த எல்லோருக்கும் பின்னாளில் நோய் வந்தே தீரும் என்பதும் இல்லை. சிறுவயது அழுத்தத்துக்கும் பெரியவரானபின் உள்ள அழுத்தத்துக்கும் உள்ள இணக்கம் மேல் எண்ணுக்கு (சிஸ்டாலிக்) 0.38, கீழ் எண்ணுக்கு (டயஸ்டாலிக்) 0.28 என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 2008இல் கணக்கிட்டார்கள். முழு இணக்கம் என்றால் 1. உறவு உண்டு, ஆனால் தலையெழுத்து அல்ல.

எது அதிகம், யார் சொல்வது

பெரியவர்களுக்கு 140/90 என்ற எண் நம் ஊரில் பலருக்கும் மனப்பாடம். பிள்ளைகளுக்கு அப்படி ஒரே எண் கிடையாது. வயதும் உயரமும் கூடக் கூட இயல்பான அழுத்தமும் கூடும் என்பதால் நூற்றுமான (percentile) பட்டியல் ஒன்றை வைத்துத்தான் பார்ப்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2017இல் இதை எளிமைப்படுத்தியது. 13 வயதுக்கு மேல் பட்டியல் வேண்டாம். 120/80-க்குக் கீழே இருந்தால் சரி, 130/80-ஐத் தொட்டால் உயர் இரத்த அழுத்தத்தின் முதல் நிலை, 140/90 இரண்டாம் நிலை. ஐரோப்பிய உயர் இரத்த அழுத்த சங்கமோ அதற்கு முந்தைய ஆண்டில் 16 வயதுக்கு மேல் 140/90தான் எல்லை என்று எழுதியிருந்தது. பதினேழு வயதில் 134/82 உள்ள பையன் நியூயார்க்கில் நோயாளி, பாரிஸில் நோயாளி இல்லை.

இந்தக் குழப்பம் இந்தியக் கணக்கில் எப்படி விளையாடுகிறது என்று பாருங்கள். 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயதுள்ளவர்களில் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் 5 சதவீதம் என்றது. அதே தரவுகளை அமெரிக்கர்களின் 2017 அளவுகோலில் போட்டு, உயர் அழுத்தத்துக்கு முந்தைய படியில் நிற்பவர்களையும் சேர்த்து எண்ணியவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. 10 முதல் 12 வயதினரில் மூன்றில் ஒருவருக்கு மேல், அதற்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். பிள்ளைகள் மாறவில்லை, கோடுதான் இடம் மாறியது. ‘இந்தியப் பதின்பருவத்தினரில் இத்தனை சதவீதம் பேருக்குப் பிரஷர்’ என்று நாளிதழில் தலைப்பு வந்தால், எந்தக் கோடு என்று கேட்காமல் கவலைப்படவும் கூடாது, நிம்மதியடையவும் கூடாது.

அளப்பதில் நடக்கும் பிழை இன்னும் பெரிது. பி.பி. கருவியின் பட்டைக்குள் உள்ள காற்றுப்பையின் நீளம் மேற்கையின் சுற்றளவில் குறைந்தது எண்பது சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். பருமனான பையனின் கையில் சிறிய பட்டையைக் கட்டினால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். பெரியவர்களை வைத்து நடந்து 2023இல் வெளியான ஓர் அமெரிக்கச் சோதனையில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்கு நடுத்தரப் பட்டையைக் கட்டியபோது மேல் எண் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் கூடிவிட்டது. பள்ளி முகாமுக்கு ஒரே ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் குண்டுப் பிள்ளைகளின் பிரஷரைக் கண்டுபிடிக்கிறார்களா, உருவாக்குகிறார்களா என்பது நியாயமான சந்தேகம். டாக்டரைக் கண்ட பயத்தில் ஏறும் அழுத்தமும் உண்டு. ஆகவே வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளந்து மூன்றிலும் கூடியிருந்தால்தான் பெயர் சூட்டுவது வழக்கம். முடிந்தால் 24 மணி நேரமும் கையில் கட்டிவிடும் கருவியால் உறுதிசெய்துகொள்வார்கள்.

மேல் எண்ணையே எல்லோரும் பார்க்கிறோம். பன்னிரண்டு லட்சம் ஸ்வீடன் இளைஞர்களின் பதிவை 2011இல் அலசிய யோஹன் சுண்ட்ஸ்ட்ரோம் குழுவினர் வேறொன்றைக் கண்டார்கள். பிற்காலச் சாவோடு தெளிவாக இணைந்து ஏறியது கீழ் எண், அதுவும் 90-ஐத் தாண்டிய பிறகு. இளைஞர்களிடம் மேல் எண் மட்டும் தனியே கூடி நிற்பது பல வகையில் நடக்கும். நெடுநெடுவென வளர்ந்த, நன்றாக விளையாடும் பையனின் நெகிழ்வான தமனிகளில் அழுத்த அலை கைக்கு வந்து சேர்வதற்குள் கொஞ்சம் பெரிதாகிவிடும். அதனால் மட்டுமே 135 வரலாம். பருமனால் வரும் 135-ஐ அப்படி விட்டுவிட முடியாது. இரண்டையும் பிரிக்க எண் போதாது, பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அளக்க வேண்டுமா என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை. மூன்று வயது முதல் ஆண்டுக்கு ஒரு முறை அளக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். அதே நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, அளப்பதால் நன்மையா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2020இல் கையை விரித்தது. இந்தியாவில் ஊர்தோறும் நடக்கும் தொற்றாநோய்ப் பரிசோதனையின் இலக்கு 30 வயதுக்கு மேற்பட்டவர்கள். நடைமுறையில் பதின்பருவம் இடைவெளியில் விழுந்து கிடக்கிறது. எல்லோருக்கும் வேண்டாம் என்றாலும், எடை மிகுந்தவர்கள், பெற்றோருக்குப் பிரஷர் உள்ளவர்கள், குறைந்த எடையில் பிறந்தவர்கள், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் ஆகியோருக்கேனும் சரியான பட்டையோடு ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பது அதிகப்படி ஆகாது என்பது என் எண்ணம்.

நம் பிள்ளைகள்

ஸ்வீடன் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாததற்குக் காரணம் உடல்வாகு. அந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி பதின்பருவத்தினரில் 24 சதவீதம் பேர் வயதுக்கு மெலிந்தவர்கள். எடை மிகுந்தவர்கள் 5 சதவீதம். நகரத்துக்குள் நிலைமை மாறும். சென்னையில் 13 முதல் 18 வயதுள்ள பள்ளிப் பிள்ளைகள் சுமார் 4,700 பேரை ஆராய்ந்து ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2002இலேயே ஆண்களில் 17.8 சதவீதமும் பெண்களில் 15.8 சதவீதமும் எடை மிகுந்தவர்கள் என்று எழுதினார்கள். அதற்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் பரோட்டாக் கடையும் பேக்கரியும் செயலி வழி வந்து சேரும் ஃப்ரைடு ரைஸும் என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

ஆனால் எடை போடும் இயந்திரம் நம் உடம்பை ஏமாற்றும். புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையும் போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். மருத்துவ இலக்கியத்தில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு சொன்ன படம் வேறு உண்டா என்று தெரியவில்லை. புனேயில் சராசரி 2.7 கிலோவில் பிறந்த குழந்தைகளை, இங்கிலாந்தில் 3.5 கிலோவில் பிறந்தவற்றோடு யாஜ்னிக் குழுவினர் ஒப்பிட்டார்கள். தசையும் உள்ளுறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடம்புக்குள் கொழுத்த குழந்தை. இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகளில், பெரியவர்களின் பி.எம்.ஐ. 23-க்கும் 27-க்கும் இணையான கோடுகளை எல்லையாக வைத்தது இதனால்தான். மேற்கத்தியர்களுக்கு அவை 25, 30. இஞ்சு டேப் இருந்தால் இன்னும் சுலபம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

ஆகவேதான் அளவான எடையும் குறைந்த மூச்சுத்திறனும் கொண்டவர்களைப் பற்றிய ஸ்வீடன் முடிவு நமக்கு அதிகம் பொருந்தும் என்கிறேன்.  இங்கே டியூஷனுக்கும் பள்ளிக்கும் இடையே ஸ்கூட்டரில் உட்கார்ந்து போய்வரும் ஒல்லிப் பிள்ளைகளின் பெருங்கூட்டம் அது. எடை இயந்திரம் அவர்களுக்கு நற்சான்று கொடுத்து அனுப்பிவிடுகிறது.

கொழுப்பு எப்படி அழுத்தத்தை ஏற்றுகிறது என்பது இன்று ஓரளவு தெளிவு. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டையல்ல. லெப்டினைச் சுரந்து பரிவு நரம்புகளை முடுக்குகிறது, ஆஞ்சியோடென்சினோஜனைச் சுரந்து குழாய்களைச் சுருக்கும் வேதிச் சங்கிலிக்குத் தீனி போடுகிறது. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்து, சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்த கொழுப்பு அதை நெருக்கவும் செய்கிறது. குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சு தடைப்படும் பிள்ளைக்கு இரவிலும் அழுத்தம் இறங்குவதில்லை. மூச்சிரைக்க ஓடுவது இதற்கு நேரெதிர் வேலையைச் செய்கிறது. இரத்தப் பாய்ச்சல் கூடும்போது தமனியின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து தளர்கிறது. நாள்பட நரம்பின் முடுக்கமும் தணிகிறது. எடை குறையாவிட்டாலும் பலன் உண்டு என்பதற்கு உடலியல் காரணம் இதுவே.

பயிற்சியின் பலனை நேரடியாகச் சோதித்தவற்றில் எனக்குப் பிடித்தது டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடந்தது. வாரத்துக்கு மூன்று உடற்கல்வி வகுப்புகளைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து அளந்தபோது இரத்த அழுத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. எட்டு மாதம் கழித்து, அழுத்தம் கூடியிருந்தவர்கள், இயல்பாக இருந்தவர்கள் இரு சாராருக்கும் மேல் எண் ஐந்து ஆறு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. 1991இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதை வெளியிட்டது. கோடை முகாமில் பதினைந்து நாள் ஓடவிட்டுச் சான்றிதழ் கொடுப்பவர்கள் அந்த முதல் மூன்று மாதத்தைக் கவனிக்க வேண்டும். ஜெனீவாவில் பருமனான சிறு பிள்ளைகள் 44 பேரை வைத்து ஃபார்பூர்-லாம்பெர் குழுவினர் நடத்திய சோதனையில் வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி; அங்கே மூன்று மாதத்திலேயே அழுத்தம் இறங்கியது. இரண்டிலும் இருந்தவர்கள் பதின்பருவத்தை எட்டாதவர்கள். பதினாறு வயதினரிடம் எட்டு மாதம் இப்படிப் பிடித்துவைத்துச் செய்வது கடினம், அந்த வயதைப் பெற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உப்பைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆகவே சுருக்கமாக. நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது; பிள்ளைகளுக்கு அதற்கும் கீழே. சாம்பாரில் போடும் உப்பை அம்மா குறைத்துவிடுவாள். ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், பாக்கெட் சிப்ஸ், உடனடி நூடுல்ஸின் மசாலாப் பொடி ஆகியவற்றில் வருவது கணக்கில் வராமல் போகிறது. அப்பளத்தில் உப்பு மட்டுமல்ல, அப்பளக்காரமும் சோடியம்தான்.

உடல்திறனை அளப்பதற்கு நம் பள்ளிகளில் ஏற்பாடே இல்லை என்று சொல்ல முடியாது. கேலோ இந்தியா திட்டத்தின் உடற்தகுதிச் சோதனையில் 9 முதல் 18 வயதுள்ளவர்களுக்குப் பி.எம்.ஐ.யோடு 600 மீட்டர் ஓட்டமும் இருக்கிறது. 600 மீட்டர் ஓடி முடிக்கும் நேரம் மூச்சுத்திறனைச் சுமாராகச் சொல்லும். ஸ்வீடன் ராணுவத்தின் சைக்கிள் அளவுக்குத் துல்லியம் இல்லாவிட்டாலும், ஒரு மைதானமும் ஒரு விசிலும் போதும். ஆனால் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் பி.டி. பீரியட் கணக்கு வாத்தியாருக்குப் போய்விடும் பள்ளிகள் எத்தனை என்று யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். மைதானமே இல்லாமல் மாடிக்கு மேல் மாடி கட்டி நடத்தும் பள்ளிகள் தனி. தமிழக அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இலவச சைக்கிள் பள்ளிக்கு வர வைப்பதற்காக வந்தது. இதயத்துக்கும் அது நல்லது என்பது தற்செயல் லாபம். வீட்டில் மோட்டார் சைக்கிள் வந்ததும் அது மூலையில் சாய்ந்துவிடாமல் இருந்தால் சரி.

ஸ்வீடன் பதிவேட்டில் ஒரு பெண்பிள்ளை கூடக் கிடையாது. அந்தக் காலத்தில் ராணுவத்துக்குப் பெண்களை அழைக்கவில்லை. ஆக, இவ்வளவு பெரிய தரவு மனிதகுலத்தில் பாதியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ரெஜினா குத்தோல்டும் சகாக்களும் 146 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2019 இறுதியில் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயதுள்ள ஆண்களில் 78 சதவீதம் பேரும் பெண்களில் 85 சதவீதம் பேரும் நாளுக்கு ஒரு மணி நேரம் கூட உடலை அசைப்பதில்லை. தென் கொரியப் பெண்களில் அது 97 சதவீதம். இந்தியாவும் வங்கதேசமும் இந்தப் பட்டியலில் ஓரளவு தேவலை. ஆண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டும் பெண்பிள்ளைகளுக்கு வீட்டு வேலையும் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். தண்ணீர் தூக்குவதும் வீடு பெருக்குவதும் உடற்பயிற்சியாகக் கணக்கில் ஏறியிருக்கிறது. குழாயும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்துவிட்ட வீட்டில் அந்த உழைப்பு போய்விடுகிறது. அது போவது நல்லதுதான். அதன் இடத்தில் மைதானம் வருவதில்லை. வயதுக்கு வந்தபின் தெருவில் ஓடி விளையாட விடும் வீடுகள் இன்றும் குறைவு.

ஆணைவிடப் பெண்ணுக்கு இதன் விலை சீக்கிரமே தெரிந்துவிடும். எடையும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே கூடியிருந்தால் கர்ப்ப காலத்தில் அழுத்தம் எகிறி வலிப்பு வரை போகும் ஆபத்து மிகும். இந்தியத் தாய்மார்களின் மரணத்துக்கு முன்னணிக் காரணங்களில் அதுவும் ஒன்று. நம் ஊரில் பல பெண்களின் கையில் முதன்முதலாகப் பி.பி. பட்டை கட்டப்படுவதே கர்ப்பத்தைப் பதிவுசெய்யும் நாளில்தான். அவள் நான்காம் ஐந்தாம் மாதத்தில் வந்தால், அந்த மாதங்களில் அழுத்தம் இயல்பாகவே தாழ்வதால், பழைய நோய் இருந்தாலும் கருவி அதைக் காட்டாது. ஏழாம் மாதத்தில் 150/100 என்று வரும்போது அது கர்ப்பத்தால் வந்ததா, பள்ளிப் பருவத்திலிருந்தே இருந்ததா என்று மருத்துவர் பிரித்துப் பார்க்க வேண்டும். பதினாறு வயதில் எடுத்த எண் ஒன்று இருந்தால் உதவும். அப்படி ஒன்று பெரும்பாலும் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை.